நாற்பத்து மூன்று பேரும் நலம்

அந்தக் காவல் நிலையத்தில் மொத்தம் நாற்பத்து மூன்று பேர். திருடனை விரட்டிப் பிடிக்கத் தெரிந்தவர்கள் அதில் உண்டு. கூட்டத்தைக் கலைக்கத் தெரிந்தவர்கள் உண்டு. நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தபடியே தூங்கத் தெரிந்தவர்கள் நிறையவே உண்டு. ஆனால் முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் ஆள் இனி வரமாட்டார் என்று சொல்லத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர்தான் ஏட்டம்மா.

அவர் ஒன்றும் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது மாதம் ஒரு சாலை விபத்து. செத்தவர் வீட்டுக்கு யார் போவது என்ற பேச்சு வந்ததும் ஒருவருக்குத் திடீரென்று பல்வலி வந்தது. ஒருவருக்குக் கோர்ட் வேலை ஞாபகம் வந்தது. ஒருவர் கழிப்பறைக்குள் போனார். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்கிறவரை வெளியே வரவில்லை. சாக்குச் சொல்லத் தெரியாமல் மிச்சம் நின்றது புதுசாகச் சேர்ந்த இந்தப் பெண் போலீஸ். போனார், சொன்னார், செத்தவரின் மனைவி மயங்கித் தெளிகிறவரை மடியில் தலையை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

அந்த வீட்டுக்காரர்கள் சும்மா இருந்திருக்கலாம். நன்றிக் கடிதம் எழுதிவிட்டார்கள். அப்போதிருந்த இன்ஸ்பெக்டர் அதை நோட்டீஸ் போர்டில் ஊசி வைத்துக் குத்தினார். கடிதத்தோடு சேர்த்து அந்தப் பெண்ணின் தலையெழுத்தையும் குத்தினார். கணக்கு சரியாகப் போட்ட பிள்ளைக்குப் பரிசாக இன்னும் இருபது கணக்கு கொடுக்கிற வாத்தியார்கள் இருப்பார்களே, அந்த மாதிரி. அடுத்த சாவுக்கும் அவரே. அதற்கு அடுத்ததற்கும் அவரே. இன்ஸ்பெக்டர்கள் எட்டுப் பேர் மாறினார்கள், கட்டிடத்துக்கு இரண்டு தடவை வெள்ளையடித்தார்கள், அவர் பதவி உயர்ந்து ஏட்டம்மா ஆனார். ஜீப்பில் ஏறுகிற ஆள் மட்டும் மாறவில்லை. பத்தொன்பது வருஷம்.

ஸ்டேஷனில் அவருக்குப் பட்டப்பெயர் 'கொரியர்'.

"கொரியர் அக்கா, ஒரு பார்சல் வந்திருக்கு" என்பார்கள். அதாவது ஓர் ஆள் செத்துப் போயிருக்கிறார் என்று அர்த்தம். கேட்டால் குமட்டும். ஆனால் அப்படிச் சிரிக்காமல் அந்த வேலையில் இருக்க முடியாது என்பதும் ஏட்டம்மாவுக்குத் தெரியும். அவரே சிரித்திருக்கிறார்.

அவருக்கென்று சில முறைகள் இருந்தன. வாசலில் நிற்க வைத்துச் சொல்லக் கூடாது. உட்கார வைக்க வேண்டும். 'சீரியஸ்', 'கொஞ்சம் அடி' என்றெல்லாம் இழுக்காமல், இறந்துவிட்டார் என்ற சொல்லை ஒரே தடவை, தெளிவாக, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் அடுப்பு எரிந்தால் அணைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் பெயரைக் கேட்க வேண்டும். நீங்கள் இன்னாருடைய மனைவிதானே, இன்னாருடைய அப்பாதானே என்று கேட்டு, ஆமாம் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். இதையெல்லாம் எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு வீடாகப் போய், ஒவ்வொரு தப்பாகச் செய்து, தானே கண்டுபிடித்துக்கொண்டது.

இதனால் அவருக்கு என்ன ஆனது என்பதை வீட்டில்தான் கேட்க வேண்டும். ஐந்தாறு வருஷமாக ஏட்டம்மாவால் தன் வீட்டுக் காலிங் பெல்லை அமுக்க முடிவதில்லை. டூட்டிக்கு அமுக்குகிற விரல் சொந்த வாசலில் வந்து அந்தரத்தில் நின்றுவிடும். வெளியே நின்று போன் செய்து, "கதவத் தெற" என்பார். வேறு யாராவது வந்து பெல் அடித்தால் இன்னும் மோசம். கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார். கணவர் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். ஒருநாள் பேசாமல் ஏணி போட்டு ஏறி பெல் ஒயரைக் கழற்றிவிட்டார். வருகிறவர்கள் கேட்டால், "ஸ்பேர் பார்ட் சொல்லியிருக்கேன், இன்னும் வரல" என்பார். இரண்டு வருஷமாக வராத ஸ்பேர் பார்ட் அது. பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள், தன் பங்குக்குக் கதவில் ஒரு அட்டையை ஒட்டினாள்: 'பெல் வேலை செய்யாது. நாயும் இல்லை. தைரியமாகக் கூப்பிடவும்.'

இனி வருவதுதான் வயிறெரிகிற பகுதி.

இதற்கெல்லாம் ஏற்கெனவே திட்டம் இருந்தது! காவலர் நலம் காக்கும் திட்டம் என்று பெயர். கோரமான விபத்தையோ சாவையோ கையாண்டவருக்கு மூன்று நாள் ஓய்வு. மனநல ஆலோசகரோடு தனியறையில் பேச்சு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பன்னிரண்டு கேள்விகள் கொண்ட படிவம், அதைக் காவலர் தன் கைப்பட நிரப்ப வேண்டும். திட்டத்தை எழுதியவர் நல்ல மனுஷராகத்தான் இருக்க வேண்டும். படித்தால் கண் கலங்கும். பாழாய்ப் போனது எழுதிய காகிதத்துக்கு வெளியேதான்.

ஓய்வு என்பது ஒரு ரிஜிஸ்டர். 'ஓய்வு வழங்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "ஏட்டம்மா, சீக்கிரம் ஜீப்புல ஏறுங்க" என்பார்கள். ஆலோசனை அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. பெயர்ப்பலகை பளபளவென்று இருக்கும். உள்ளே பிடிபட்ட ஹெல்மெட்டுகள், ஆரஞ்சு நிறக் கூம்புகள், கால் உடைந்த நாற்காலி மூன்று. ஆலோசகர் வருஷத்துக்கு ஒருமுறை வந்து, பெரிய ஹாலில் இருநூறு பேரை உட்கார வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்வார். போன தடவை அது முடிந்ததும் முதல் வரிசையிலிருந்து இன்ஸ்பெக்டர் எழுந்து, பின்னால் திரும்பி, மீசையை நீவிக்கொண்டு, "யாருக்காவது மனசுல பிரச்சனை இருந்தா தாராளமா கை தூக்குங்க" என்றார். ஒரு கைகூட எழவில்லை. மின்விசிறிகூடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றியது. 'பிரச்சனை ஏதுமில்லை' என்று அறிக்கை போனது.

ஏன் தூக்கவில்லை என்றால், ஒருவர் தூக்கிப் பார்த்திருந்தார். ரோந்து ஜீப்பில் பாடிக்கொண்டே வருகிற ஒரு கான்ஸ்டபிள். எல்லாரும் 'பாடகர்' என்பார்கள். ஒரு தீ விபத்துக்குப் போய் வந்த பிறகு பாட்டு நின்றுபோனது. படிவம் வந்தபோது, 'பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப மனதில் வருகின்றனவா' என்ற கேள்விக்கு, பாவம், ஆமாம் என்று எழுதிவிட்டார். அடுத்த நாளே துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்கள். பின்கட்டில், கேட்பாரற்றுக் கிடக்கும் சைக்கிள்களுக்குக் காவலாக உட்கார வைத்தார்கள். டீ கொண்டுவருகிற ஆள்கூட ஓரடி தள்ளி நின்று டம்ளரை நீட்டினார். எட்டு மாதம் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாடகர் வேலையை விட்டுப் போனார்.

அதிலிருந்து படிவம் வந்தால் யாரும் தொடுவதில்லை. எழுத்து வேலை பார்க்கிற ஸ்டேஷன் ரைட்டரிடம் போய், "அண்ணே, நீங்களே போட்டு அனுப்பிருங்க" என்பார்கள். ரைட்டர் நல்லவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து, நாற்பத்து மூன்று படிவத்தையும் ஒரே மூச்சில் நிரப்பி, நாற்பத்து மூன்று கையெழுத்தையும் அவரே போட்டுவிடுவார். தூக்கம்: நன்று. பசி: நன்று. உதவி தேவையா: இல்லை. பரீட்சையில் இரண்டு பேர் விடைத்தாள் ஒரே மாதிரி இருந்தாலே பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவார்கள். இங்கே நாற்பத்து மூன்று விடைத்தாள் ஒரே மாதிரி, ஒரே பேனாவில் போனது. மேலிடத்திலிருந்து, மனநலத்தில் சிறந்த காவல் நிலையம் என்று கேடயம் வந்தது! இன்ஸ்பெக்டர் அதைத் தன் மேசைக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

தன் பெயரிலும் இப்படி ஒரு தாள் போய்க்கொண்டிருக்கிறது என்று ஏட்டம்மாவுக்கு அரைகுறையாகத் தெரியும். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்தது அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான்.

அந்த வாரம் திங்கட்கிழமை ஏரியில் மூழ்கிய ஒரு மாணவன் வீடு. புதன்கிழமை, ஒரே மகனை லாரிக்குக் கொடுத்த வயசான தம்பதி வீடு. ஏட்டம்மா இரண்டு ராத்திரி கண்ணை மூடவில்லை. வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு மறுபடியும் ஜீப். பைக்கில் போனவர் பஸ்ஸில் மோதி இறந்திருந்தார். லைசென்சில் கதவு எண் பதினான்கு. ரைட்டர் அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தெருவுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் புது எண் கொடுத்துவிட்டார்கள் என்பதும், பழைய பதினான்குதான் இப்போது முப்பத்தொன்று என்பதும் லைசென்சுக்கும் தெரியாது, சீட்டுக்கும் தெரியாது.

பதினான்காம் எண் வீட்டில் பெல்லை அமுக்கினார். தலைக்குக் குளித்துத் துண்டு சுற்றியிருந்த ஒரு பெண் கதவைத் திறந்தாள். யூனிபாரத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. அந்த வெளுப்பு ஏட்டம்மாவுக்குப் பழகிப்போனது. உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். கையைப் பிடித்துக்கொண்டார். பெயரைக் கேட்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் விபத்துல இறந்துட்டாரும்மா."

அந்தப் பெண் அழவில்லை. தலையிலிருந்த துண்டை அவிழ்த்து, நாலாக மடித்து, மடிமேல் வைத்துக்கொண்டாள். "வண்டிக்கு ஒண்ணும் ஆகலல்ல?" என்று கேட்டாள். "புது வண்டி." பிறகு அந்தத் துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். பதினோரு நிமிஷம் இப்படிப் போனது. வாசலில் பைக் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, கையில் ஒரு திரைச்சீலைக் கம்பியோடு உள்ளே வந்த ஆள், "என்ன, போலீஸ் வந்திருக்கு?" என்றார்.

அந்தப் பெண் எழுந்தாள். நேராகப் போய் அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். பிறகு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். அந்தக் கத்தலுக்கு நடுவில் ஏட்டம்மாவைப் பார்த்து, "வெளிய போ!" என்றாள்.

வெளியே வந்தார். வேலை முடியவில்லையே? விசாரித்துக்கொண்டு, தெருவில் நடந்து முப்பத்தொன்றாம் எண்ணுக்குப் போனார். அங்கே மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏட்டம்மா நிமிர்ந்து பார்த்ததும், "அந்த வீட்ல என்னங்க ஆச்சு? கத்துற சத்தம் கேட்டுச்சே, பாவம்" என்றாள்.

ஏட்டம்மா இந்தத் தடவை பெயரைக் கேட்டார்.

பதினான்காம் எண்காரர் புகார் கொடுத்தார். கொடுக்கத்தான் வேண்டும், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஸ்டேஷனில் இரண்டு நாள், "கொரியர் அட்ரஸ் மாறிருச்சாம்" என்று சிரிப்பு. மூன்றாம் நாள் மெமோ வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு ஏட்டம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள்தான் எடுத்து உரக்கப் படித்தாள். தமிழ்ப் பாடத்தில் திக்குகிறவள், இதைத் திக்காமல் படித்தாள்.

"'மேற்படி தலைமைக் காவலர் முழு உடல், மனநலத்துடன் இருப்பதாகக் கடந்த ஆறு ஆண்டுகளாகத் தம் கைப்பட உறுதியளித்துள்ள நிலையில், நேர்ந்த தவறுக்கு அவரது அலட்சியம் தவிர வேறு காரணம் இல்லை எனத் தெரிகிறது.'" கீழே ஆதாரமாகப் பன்னிரண்டு படிவங்களின் நகல்.

கணவர் தாளை வாங்கிப் பார்த்தார். "தூக்கம் நன்று! நடு ராத்திரி ஹால்ல நடந்துக்கிட்டிருக்கிறது யாரு, பேயா?"

மகள் நகல்களைப் புரட்டினாள். விளக்குக்கு நேராகப் பிடித்தாள். கண்ணைச் சுருக்கினாள். "ம்மா, இது உன் கையெழுத்து இல்ல."

"தெரியும். ரைட்டர் போட்டது."

"கேவலமா போட்டிருக்காரு. உன்னோடதுல கடைசிச் சுழி மேல ஏறி, ஒரு குட்டி வால் வரும். இதுல வாலே இல்ல. நான் போட்டாகூட இதவிட நல்லாப் போடுவேன்."

ஏட்டம்மா மெதுவாகத் திரும்பினார். "நீ எங்கடி போட்டே?"

"இல்ல... சும்மா ஒரு பேச்சுக்கு..."

"எங்க போட்டே?"

"ரேங்க் கார்டுல. மூணு தடவதான். நாலு." மகள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். "அத அப்புறம் அடி. இதப் பாரு. இந்தத் தேதி, உனக்கு குடல்வால் ஆபரேஷன் பண்ணின நாள். அன்னிக்கும் தூக்கம் நன்றுன்னு போட்டிருக்கு."

"மயக்க மருந்து குடுத்திருந்தாங்கல்ல, நல்லாத்தான் தூங்கியிருப்பா" என்றார் கணவர்.

ஏட்டம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. மகள் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். கட்டிப்பிடிக்கிற பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது. அம்மாவின் யூனிபார பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "விசாரணைக்கு நான் வேணா வர்றேன்மா. கள்ளக் கையெழுத்துக்கு நிபுணர் சாட்சி."

அடுத்த நாள் ஏட்டம்மா ரைட்டரைப் பிடித்தார். ரைட்டர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"உன்னக் காப்பாத்தத்தான்மா போட்டேன். ஆமான்னு போட்டா பாடகருக்கு ஆனதுதான் எல்லாருக்கும். நீங்க எல்லாருந்தானே வந்து கெஞ்சுனீங்க?"

"நான் கெஞ்சலண்ணே. எங்கிட்ட நீங்க கேக்கவுமில்ல."

"கேட்டிருந்தா என்ன எழுதியிருப்பே?"

ஏட்டம்மா யோசித்துப் பார்த்தார். அவரும் 'நன்று' என்றுதான் எழுதியிருப்பார். அது இன்னும் எரிந்தது.

"எனக்கு ரிட்டயர்டாக அஞ்சு மாசம் இருக்கு" என்றார் ரைட்டர். தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதே பெரிய கெஞ்சலாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் தனியாகக் கூப்பிட்டார். அவர் தலைக்குப் பின்னால் கேடயம் மினுங்கியது.

"ஏட்டம்மா, ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க. எச்சரிக்கையோட முடிச்சிரலாம். கையெழுத்து அது இதுன்னு போகாதீங்க. நோண்டினா நாப்பத்து மூணு பேருக்கும் சிக்கல். ஸ்டேஷன் மானம் போயிரும்."

"எழுதிக் குடுத்தா, அடுத்த சாவுக்கு யாருங்கய்யா போவா?"

இன்ஸ்பெக்டர் நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "நீங்கதானம்மா."

அந்த 'நீங்கதானம்மா'தான். அது மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் ஏட்டம்மா அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்திருப்பார் என்றே தோன்றுகிறது.

விசாரணை டி.எஸ்.பி. அறையில். பெரிய மேசை, மேசைமேல் மூடி போட்ட தண்ணீர் டம்ளர், ஒரு ஓரமாக இன்ஸ்பெக்டர், வாசலுக்கு வெளியே பெஞ்சில் ரைட்டர். டி.எஸ்.பி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு நகலையும் விசிறி மாதிரி விரித்தார்.

"இதெல்லாம் உங்க கையெழுத்துதானே?"

"இல்லங்கய்யா."

இன்ஸ்பெக்டர் இருமினார். டி.எஸ்.பி. கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப யார் போட்டது?"

"அத அப்புறமாக் கேளுங்கய்யா. அந்த வீட்ல நான் பேரக் கேக்கல. அது என் தப்பு. சீட்டுல நம்பர் என்னவா இருந்தாலும், பேரக் கேட்டிருந்தா அந்தம்மா பதினோரு நிமிஷம் செத்திருக்க மாட்டா. எந்தத் தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கறேன். ஆனா ஏன் கேக்கலன்னு நீங்க கேளுங்க. பத்தொம்பது வருஷமாக் கேட்டவ, அன்னிக்கு ஏன் கேக்கலன்னு ஒருத்தராவது என்கிட்டக் கேளுங்க!"

ஏட்டம்மாவின் குரல் மேலதிகாரி முன்னால் அந்த உயரத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. அவருக்கே காது கூசியது.

"அந்தப் படிவம் ஒண்ணு குடுங்கய்யா. எழுதாத தாள்."

மனநலத் திட்டத்துக்கே பொறுப்பான அந்த அலுவலகத்தில் எழுதாத படிவம் ஒன்றுகூட இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்தார்கள், பீரோவைத் திறந்தார்கள். கடைசியில் வெளியே பெஞ்சிலிருந்த ரைட்டர்தான் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து வந்து நீட்டினார். நீட்டிவிட்டு வெளியே போகவில்லை, சுவரோரமாக நின்றார்.

ஏட்டம்மா நின்றபடியே மேசையில் குனிந்து, ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து எழுதினார். "'தூக்கம்?' ரெண்டு மணி நேரம். வாரத்துல மூணு நாள் அதுவும் இல்ல. 'பழைய காட்சிகள் மனதில் வருகின்றனவா?' ஆமா. ஒரு வீட்டு வாசல்ல கிடந்த சின்னப் பையனோட ஷூ. ஒருத்தர், 'அவன் இன்னும் சாப்பிடலியே'ன்னு சொன்னது. இப்ப, துண்ட மடிக்கிற ஒரு கை. 'பணியைச் செய்யத் தயக்கம் உண்டா?' ஆமா. 'காரணமின்றி அச்சம் உண்டா?' காரணத்தோடதான் உண்டு."

"ஏட்டம்மா, போதும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இன்னும் மூணு கேள்வி இருக்குங்கய்யா."

டி.எஸ்.பி. தணிந்த குரலில் சொன்னார்: "இத நீங்க எழுதிக் குடுத்தா துப்பாக்கிய வாங்கிக்க வேண்டியிருக்கும். தெரியுமில்ல?"

"எடுத்துக்கங்கய்யா. அத நான் இத்தன வருஷத்துல ஒரு தடவகூடச் சுட்டதில்ல. என் விரல் அமுக்கினதெல்லாம் காலிங் பெல்தான்."

பன்னிரண்டாவது கேள்வி, உதவி தேவையா. ஆமா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடைசிச் சுழி மேலே ஏறி, ஒரு குட்டி வால் விட்டது. தாளை முன்னால் தள்ளிவிட்டு அங்கேயே நின்றார்.

"சரி, நீங்க போகலாம்."

"ரசீது வேணுங்கய்யா."

"எதுக்கு?"

"மனு குடுத்தா ரசீது வாங்காமப் போகாதீங்கன்னு ஸ்டேஷனுக்கு வர்ற எல்லார்கிட்டயும் நான்தான் சொல்வேன். வாங்காமப் போனவங்க மனு எங்க போகும்னு எனக்குத் தெரியும்."

டி.எஸ்.பி. அந்தத் தாளுக்கு ஒரு நகல் எடுக்கச் சொன்னார். பிறகு முத்திரையை எடுத்து, மையில் ஒத்தி, நகலில் குத்தினார். 'பெறப்பட்டது.' அப்போதுதான் சுவரோரத்திலிருந்து ரைட்டர் ஓரடி முன்னால் வந்தார். "ஐயா, அந்தக் கையெழுத்தெல்லாம் நான் போட்டது. நாப்பத்து மூணு பேருக்கும் நான்தான் போட்டேன். எனக்கும் சேத்து."

இதற்குப் பிறகு எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதினால் அதுவும் ரைட்டர் படிவம் மாதிரி ஆகிவிடும். ஏட்டம்மாவின் பதிவேட்டில் கவனக்குறைவு என்று ஏறியது. ரைட்டருக்கு மெமோ. துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்கள். மேலிடத்திலிருந்து கேடயத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. ஆனால் முத்திரை குத்திய தாளைக் கிடப்பில் போட முடியாதே! வாரம் இரண்டு நாள் ஏட்டம்மா ஒரு டாக்டரிடம் போகிறார். அந்த டாக்டரம்மா மூச்சை இழுத்து விடச் சொல்வதில்லை. உட்கார்ந்து கேட்கிறார். முதல் நாள் ஏட்டம்மா ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு, மன்னிச்சுக்கங்க என்றாராம். எதுக்கு என்றாராம் டாக்டர். சாவுச் சேதி சொல்லும் வேலையிலிருந்து எழுத்துபூர்வமாக விடுவித்தார்கள். சைக்கிள்களோடு உட்கார வைக்கப் பார்த்தார்கள். ரசீதைக் காட்டி, மனு வாங்கும் மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் போன் வந்தது. கட்டிட வேலையில் ஒருவர் மேலிருந்து விழுந்து இறந்துவிட்டார். வீட்டுக்குச் சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்டர் அறையிலிருந்து வெளியே வந்து ஹாலைப் பார்த்தார். ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள். ஒருவருக்குப் பல்வலி ஆரம்பித்திருக்க வேண்டும், தாடையைப் பிடித்தார். ஏட்டம்மா மட்டும் நிமிர்ந்து இன்ஸ்பெக்டரையே பார்த்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு தானே ஜீப்பில் ஏறினார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஜீப் திரும்பி வந்தது. டிரைவர் இறங்கிவிட்டார். இன்ஸ்பெக்டர் இறங்கவில்லை. முன்சீட்டில், கதவு மூடியபடி, நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹாலில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். இருபது நிமிஷம் ஆனது. ஏட்டம்மா மனுக்களை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். ஜீப் பக்கத்தில் போய் நின்றார். கதவைத் திறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் திரும்பாமலே பேசினார். "மூணு பொண்ணுங்கம்மா அந்த வீட்ல. சின்னது என் தொப்பிய வாங்கி மாட்டிக்கிச்சு. அது மாட்டிக்கிட்டு நிக்கும்போது நான் சொன்னேன்."

ஏட்டம்மா இன்னும் ஓரடி நெருங்கி நின்றார்.

"இத எப்படிம்மா பத்தொம்பது வருஷம் தனியாச் செஞ்சீங்க?"

"நானாச் செய்யலங்கய்யா" என்றார் ஏட்டம்மா. "செய்ய வெச்சீங்க."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். ஏட்டம்மாவுக்கு அவர் மேல் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. குறையாமலே அங்கே நின்றுகொண்டிருந்தார், அவர் இறங்குகிறவரை.